விலையைப் பார்க்காதீர்கள், காதைப் பாருங்கள்!

மலை உச்சி. பலத்த காற்று அடிக்கிறது. பாறை மறைவில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்.

அவர் மடியில் ஒரு சிறிய ரேடியோ. பக்கத்தில் ஒரு பாட்டரி. ஒரு கம்பின் உச்சியிலிருந்து மெல்லிய கம்பி தொங்குகிறது. அதுதான் ஏரியல்.

எங்கோ ஆயிரம் மைலுக்கு அப்பால் இருந்து ஒரு குரல் வருகிறது. கிணற்றுக்குள் இருந்து யாரோ கூப்பிடுவது போல மெல்லிய குரல். தன் பெயரையும் ஊரையும் சொல்கிறது.

ரேடியோவில் சிறிய ஒலிபெருக்கி இருக்கிறது. ஆனால், அந்தக் காற்றில் அது என்ன சொல்கிறது என்று யாருக்குக் கேட்கும்?

அவர் பையில் கையை விடுகிறார். இயர்போனை எடுக்கிறார். காதில் செருகுகிறார். காற்றின் இரைச்சல் அடங்குகிறது. குரல் தெளிகிறது!

இதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம். ஒரு சிறிய இயர்போன். அதை எப்படித் தேர்ந்தெடுப்பது? "விலை அதிகமானால் நல்லது" என்கிறார்கள் சிலர். "எது கிடைத்தாலும் போதும்" என்கிறார்கள் வேறு சிலர். இரண்டுமே தவறு!

யார் இந்த "ஹாம்"கள்?

பொழுதுபோக்காக ரேடியோ நிலையம் வைத்திருப்பவர்களை "ஹாம்" என்று அழைக்கிறார்கள். "அமெச்சூர் ரேடியோ" என்றும் சொல்வது உண்டு.

இவர்கள் பாட்டு ஒலிபரப்புவது இல்லை. வியாபாரம் பேசுவது இல்லை. ஒருவரோடு ஒருவர் பேசுகிறார்கள். அல்லது தந்தி அடிக்கிறார்கள். அதற்கு அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். இந்தியாவிலும் தேர்வு எழுதி, மத்திய அரசின் லைசென்சு பெற்ற பிறகுதான் பேசலாம்.

மறைந்த பிரதமர் ராஜீவ் காந்தியும் ஒரு ஹாம்தான் என்பது பலருக்குத் தெரியாது. "வி.யு.2 ஆர்.ஜி." என்பது அவருடைய அழைப்புக் குறி.

"டெலிபோன் இருக்கிறது, செல்போன் இருக்கிறது. இது எதற்கு?" என்று கேட்கலாம்.

2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதியை யாரும் மறந்திருக்க முடியாது. சுனாமி வந்த நாள். அந்தமான் தீவுகளில் டெலிபோன் தொடர்பு அறுந்தது. அப்பொழுது போர்ட்பிளேரில் ஒரு ஹாம் குழு தங்கியிருந்தது. பாரதி பிரசாத் என்ற பெண்மணி அதில் முக்கியமானவர். பொழுதுபோக்குக்காக ரேடியோவில் பேசப் போனவர்கள், மறு நிமிடமே உயிர் காக்கும் வேலையில் இறங்கினார்கள். தீவில் இருந்தவர்களின் செய்தியை இந்தியாவில் இருந்த உறவினர்களுக்குக் கொண்டு சேர்த்தார்கள்.

"உங்கள் மகன் பத்திரமாக இருக்கிறான்." இந்த ஒரு வரிக்காக எத்தனை தாய்மார்கள் காத்திருந்திருப்பார்கள்!

அந்த ஒரு வரியில் பெயர் தவறாகக் கேட்டால் என்ன ஆகும்? ஒரு வீட்டில் வீண் அழுகை. இன்னொரு வீட்டில் வீண் நம்பிக்கை. ஆகையால், காதில் செருகும் அந்தச் சிறிய பொருளை விளையாட்டுப் பொருளாக நினைக்கக் கூடாது.

மலைக்கு ஏன் போகிறார்கள்?

ஹாம்களில் பலர் வீட்டில் இருந்து பேசுவதோடு நிற்பது இல்லை. ரேடியோவை முதுகில் கட்டிக்கொண்டு வெளியே கிளம்பிவிடுகிறார்கள்.

2002-ம் ஆண்டு மார்ச் மாதம் பிரிட்டனில் இதற்கென்றே ஒரு திட்டம் தொடங்கியது. "சிகரங்களில் வானொலி" என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். இப்பொழுது பல நாடுகளில் பரவியிருக்கிறது.

அதன் விதிகள் வேடிக்கையானவை. மலை உச்சியில் மோட்டார் காருக்குள் உட்கார்ந்து பேசக் கூடாது. கரண்டு பாட்டரியில் இருந்தோ சூரிய ஒளியில் இருந்தோதான் வரவேண்டும். குறைந்தது 4 பேரோடு பேசி முடித்தால்தான் "மார்க்கு" உண்டு.

வேல்ஸ் நாட்டின் உயரமான மலை சுனோடன். உயரம் 1,085 மீட்டர். ஸ்காட்லாந்தில் உள்ள பென் நெவிஸ் 1,345 மீட்டர். இந்த இடங்களில் மழையும் காற்றும் சொல்லிக்கொண்டு வருவது இல்லை. அங்கே ரேடியோவைச் சுமந்துகொண்டு ஏறுகிறவருக்கு ஒவ்வொரு கிராமும் பாரம்தான்.

காது முழுவதையும் மூடும் பெரிய ஹெட்போன் 250 முதல் 350 கிராம் வரை எடை இருக்கும். காதுக்குள் செருகும் இயர்போன் 10 அல்லது 20 கிராம்தான். சட்டைப் பையில் அடங்கும். தொப்பி போட்டுக்கொள்ளலாம். மழைக் கோட்டின் தலைமறைப்பையும் இழுத்து விட்டுக்கொள்ளலாம். இதனால்தான் மலை ஏறும் ஹாம்கள் இதைத் தேடுகிறார்கள்.

காதோடு பிறந்த ரேடியோ

ரேடியோவும் காதில் வைக்கும் கருவியும் உடன்பிறந்தவை என்று சொன்னால் தவறு இல்லை.

1901-ம் ஆண்டு டிசம்பர் 12-ந் தேதி. நியூபவுண்ட்லாந்து தீவில் ஒரு குன்று. பெயர் "சிக்னல் ஹில்". அங்கே மார்க்கோனி காத்திருந்தார். பலத்த காற்று. ஏரியலைத் தூக்கிப் பிடிக்க பட்டம் விட்டிருந்தார்! கடலுக்கு அப்பால், இங்கிலாந்தின் போல்து என்ற ஊரில் இருந்து அவருடைய ஆட்கள் மூன்று புள்ளிகளை அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். தந்தி மொழியில் அது "எஸ்" என்ற எழுத்து.

மார்க்கோனி எதை வைத்துக் கேட்டார்? டெலிபோனின் காதுக் கருவியைக் காதில் வைத்துக்கொண்டுதான்! டிக், டிக், டிக் என்று மூன்று முறை கேட்டதாக அவர் அறிவித்தார். உதவியாளர் கெம்பிடமும் கருவியைக் கொடுத்து கேட்கச் சொன்னார். உண்மையில் அது கேட்டிருக்குமா என்று பிற்காலத்தில் சிலர் சந்தேகம் எழுப்பினார்கள். ஆனாலும் ஒன்று நிச்சயம். மெல்லிய ஒலியைப் பிடிக்க மனிதன் நம்பியது தன் காதைத்தான்.

பிறகு 1910-ம் ஆண்டு. அமெரிக்காவில் யூட்டா மாநிலம். நதானியேல் பால்ட்வின் என்பவர் தன் வீட்டு அடுப்பங்கரையில் உட்கார்ந்து ஹெட்போன் செய்தார். அமெரிக்கக் கடற்படைக்கு அனுப்பி வைத்தார். சோதித்துப் பார்த்த கடற்படை, "இன்னும் வேண்டும்" என்றது. "ஒரே தடவையில் பத்துக்கு மேல் செய்ய முடியாது" என்று அவர் சொன்னாராம். அடுப்பங்கரையில் அதற்கு மேல் இடம் ஏது?

காதுக்குள்ளேயே செருகும் ரகத்தில் பெயர் பெற்ற ஒன்று, 1991-ம் ஆண்டு வந்தது. அமெரிக்காவின் எட்டிமோட்டிக் நிறுவனம் அதைச் செய்தது. அதை நிறுவிய மீட் கில்லியன், காது கேளாதோர் கருவித் துறையில் இருந்து வந்தவர். காதைப் பற்றித் தெரிந்தவர், காதுக்குள் செருகும் கருவியைச் செய்தார். அதில்தான் ரகசியம் இருக்கிறது.

பாட்டு வேறு, பேச்சு வேறு

இப்பொழுது முக்கியமான விஷயத்துக்கு வருவோம்.

கடையில் போய் "நல்ல இயர்போன் கொடுங்கள்" என்றால், கடைக்காரர் என்ன சொல்வார்? "இதில் பேஸ் அதிகம். தவில் அடித்தால் நெஞ்சில் இடிக்கும்" என்பார். பெட்டியின் மேல் "20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை" என்று அச்சடித்திருக்கும்.

பாட்டு கேட்க அது சரி. ஹாமுக்கு அது எதற்கு?

ஒரு நொடிக்கு எத்தனை அதிர்வு என்பதை "ஹெர்ட்ஸ்" என்கிறார்கள். மனிதக் காது ஏறக்குறைய 20 முதல் 20,000 வரை கேட்கும். ஆனால், ஹாம் ரேடியோவில் வரும் பேச்சு சுமார் 300-ல் தொடங்கி 3,000-க்குள் முடிந்துவிடுகிறது. தந்தி ஒலியோ இன்னும் குறுகியது. 500-க்கும் 800-க்கும் இடையில் ஒரே ஒரு சுரம்!

அந்தக் குறுகிய சந்தில்தான் செய்தி வருகிறது. அதற்குக் கீழே வருவது வெறும் உறுமல். அதற்கு மேலே வருவது வெறும் "உஸ்" என்ற இரைச்சல். உறுமலைப் பெரிதாக்கும் இயர்போன் பேச்சை மூடிவிடும். "உஸ்"சைப் பெரிதாக்கும் இயர்போன் ஒரு மணி நேரத்தில் தலைவலியைக் கொடுத்துவிடும்.

ஆகையால், பேச்சைத் தெளிவாகக் கொடுக்கும் இயர்போன்தான் ஹாமுக்கு நல்லது. அது பாட்டுக்குச் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை. பல ஆயிரம் ரூபாய் இயர்போன் இதில் தோற்பதும் உண்டு. ஆயிரம் ரூபாய் இயர்போன் ஜெயிப்பதும் உண்டு.

காதில் பொருந்த வேண்டும்!

மனிதனின் காதுக் குழல் சுமார் 2½ சென்டிமீட்டர் நீளம். அதன் அகலமும் வளைவும் ஆளுக்கு ஆள் மாறும். ஒருவருக்கே வலது காதும் இடது காதும் ஒன்று போல் இருப்பது இல்லை. செருப்பு வாங்கும்போது அளவு பார்க்கிறோம். இயர்போன் வாங்கும்போது யார் பார்க்கிறார்கள்?

இயர்போனின் நுனியில் ரப்பர் போன்ற ஒரு மூடி இருக்கும். சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்று அளவு பெட்டியில் வரும். பலர் மாட்டியிருப்பதை அப்படியே பயன்படுத்துகிறார்கள். மற்ற இரண்டும் பெட்டியோடு குப்பைக்குப் போகின்றன!

மூன்றையும் மாட்டிப் பார்க்க வேண்டும். தேவையானால் வலது காதுக்கு ஒரு அளவும், இடது காதுக்கு ஒரு அளவும் போட்டுக்கொள்ளலாம். அதில் வெட்கம் இல்லை.

சரியாகப் பொருந்தியதா என்று கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. இரண்டு காதிலும் செருகிக்கொண்டு உரக்க ஒரு வார்த்தை பேசிப் பாருங்கள். உங்கள் குரல் அண்டாவுக்குள் பேசுவது போல "ஙொய்" என்று கேட்டால், காது நன்றாக அடைபட்டிருக்கிறது என்று அர்த்தம். வழக்கம் போலக் கேட்டால், எங்கோ இடைவெளி இருக்கிறது. வேறு மூடியை மாற்றுங்கள்.

பஞ்சு போன்ற மூடிகளும் உண்டு. விரலால் நசுக்கிக் காதில் வைத்தால், மெல்ல விரிந்து அடைத்துக்கொள்ளும். காற்று இரைச்சலை இவை நன்றாகத் தடுக்கும். ஆனால், வியர்வையில் சீக்கிரம் கெட்டுப் போகும். அவ்வப்போது புதிது மாற்ற வேண்டும்.

வெளி இரைச்சலை மின்சாரத்தால் அடக்கும் இயர்போன்களும் வந்திருக்கின்றன. ரெயிலிலும் விமானத்திலும் அவை நன்றாக வேலை செய்கின்றன. மலைக் காற்றில் அப்படி இல்லை. அவற்றின் சிறு மைக்குகளில் காற்று மோதினால், அதுவே புது இரைச்சல் ஆகிவிடும். தவிர, அவற்றுக்கும் சார்ஜ் ஏற்ற வேண்டும். மலை மேல் பிளக் ஏது? ரப்பர் மூடிக்கு சார்ஜ் தேவை இல்லை!

சிறிய ரேடியோவுக்குச் சிறிய பலம்

மலைக்குக் கொண்டு போகும் ரேடியோக்கள் சிறியவை. 5 வாட் அல்லது அதற்கும் குறைந்த சக்தியில் ஒலிபரப்புவதை ஹாம்கள் பெருமையாக நினைக்கிறார்கள். அவற்றின் இயர்போன் துளையில் இருந்து வரும் பலமும் குறைவு.

ஆகையால், குறைந்த பலத்தில் நன்றாகக் கேட்கும் இயர்போனை வாங்க வேண்டும். பெட்டியின் மேல் இரண்டு எண்களைப் பாருங்கள்.

ஒன்று, "ஓம்" என்று இருக்கும். 16 முதல் 32 வரை இருந்தால் நல்லது. ஸ்டூடியோவில் பயன்படும் சில ஹெட்போன்களில் இது 250, 600 என்று இருக்கும். சிறிய ரேடியோ அவற்றோடு திணறும்.

மற்றொன்று, "டெசிபல்" என்று இருக்கும். ஒரு மில்லிவாட் மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் வரும் என்பது அதன் பொருள். 100 என்று போட்ட இயர்போனில் வரும் சத்தத்தை, 110 என்று போட்ட இயர்போன் பத்தில் ஒரு பங்கு மின்சாரத்தில் கொடுத்துவிடும்!

ஆனால், இதிலும் அளவு வேண்டும். மிகவும் கூர்மையான இயர்போனில் ரேடியோவின் சொந்த இரைச்சலும் கேட்கத் தொடங்கும். ஆகவே, வாங்கும் முன் சொந்த ரேடியோவில் செருகிப் பார்ப்பதே நல்லது.

கம்பியா, கம்பி இல்லாததா?

"இந்தக் காலத்தில் கம்பி எதற்கு? புளூடூத் இருக்கிறதே!" என்று இளைஞர்கள் கேட்பார்கள்.

கேட்க மட்டும் என்றால் புளூடூத் போதும். தந்தி அடிக்கிறவருக்கு அது ஆகாது. ஏன்?

தந்தி அடிக்கும் போது, தான் அடிப்பதைத் தன் காதில் கேட்டுக்கொண்டே அடிக்க வேண்டும். நிமிடத்துக்கு 20 வார்த்தை வேகத்தில் அடித்தால், ஒரு புள்ளியின் நீளம் ஒரு நொடியில் ஆயிரத்தில் 60 பங்குதான். புளூடூத் வழியாக ஒலி வந்து சேர, 100 முதல் 200 பங்கு வரை தாமதம் ஆவது சகஜம். அதாவது, கை மூன்று புள்ளி முன்னால் போய்விடும். காது பின்னால் ஓடிவரும். தாளம் தப்பிய பாட்டு போல ஆகிவிடும்!

ஆகையால், மலைக்குப் போகிறவருக்குக் கம்பி உள்ள இயர்போனே சிறந்தது. அதற்கு சார்ஜ் வேண்டாம். புல்வெளியில் விழுந்தால் தேடவும் வேண்டாம்.

கம்பியிலும் கவனிக்க வேண்டியவை உண்டு.

முதலாவது, பிளக். அதன் உலோகத்தில் கறுப்பு வளையங்களை எண்ணிப் பாருங்கள். இரண்டு இருந்தால் கேட்பதற்கு மட்டும். மூன்று இருந்தால் அதில் மைக்கும் சேர்ந்திருக்கிறது. அது செல்போனுக்காகச் செய்தது. சில ரேடியோக்களோடு ஒத்து வராது. இரண்டு வளையம் உள்ளதே பத்திரம்.

இரண்டாவது, துளை. பழைய ரேடியோ சிலவற்றில் ஒற்றைக் காதுக்கான துளை இருக்கும். அதில் இன்றைய பிளக்கைச் செருகினால், ஒரு காதில் மட்டும் கேட்கும். சிலவற்றில் ரேடியோவுக்கே தீங்கு வரலாம். இதற்கென்று மாற்று பிளக் கடைகளில் கிடைக்கிறது. சில ரூபாய்தான். அதை வாங்கத் தயங்கி, ரேடியோவைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது.

மூன்றாவது, உரசல். கம்பி சட்டையில் உரசினால், காதில் "சரக் சரக்" என்று கேட்கும். கம்பியைக் காதின் மேல்புறமாகச் சுற்றி, கழுத்துக்குப் பின்னால் விட்டால் இது குறையும். சட்டையில் ஒரு கிளிப் போட்டால் இன்னும் நல்லது.

நான்காவது, ஏரியல் ஆட்டம்! இயர்போன் கம்பியும் ஒரு கம்பிதானே? பக்கத்தில் ஏரியல் இருந்தால், பேசும்போது அதன் அலை இயர்போன் கம்பியிலும் புகுந்துவிடும். அதனால் கரகரப்பு வரும். பெரைட் என்ற கறுப்பு வளையத்தில் கம்பியை நாலைந்து சுற்றுச் சுற்றினால், பெரும்பாலும் அடங்கிவிடும்.

கம்பி தனியாகக் கழன்று வரும் இயர்போன்கள் இப்பொழுது மலிவாகவே கிடைக்கின்றன. கம்பி அறுந்தால் கம்பியை மட்டும் மாற்றலாம். முழு இயர்போனையும் எறிய வேண்டாம். நடுத்தரக் குடும்பத்துக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

கடையில் செய்ய வேண்டிய சோதனை

ஹாம்கள் பெயரைச் சொல்லும்போது எழுத்து எழுத்தாகச் சொல்வார்கள். "ஆல்பா, பிராவோ, சார்லி" என்று ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு வார்த்தை வைத்திருக்கிறார்கள். 1956-ம் ஆண்டு முதல் விமானிகள் பயன்படுத்தும் பட்டியல் அது.

ஏன் இந்த ஏற்பாடு? "எப்" என்பதும் "எஸ்" என்பதும் ரேடியோவில் ஒன்று போலவே கேட்கும். அவற்றைப் பிரித்துக் காட்டும் ஒலி 3,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. ரேடியோ அதை வெட்டிவிடுகிறது!

தமிழிலும் அப்படியே. "கலை", "களை", "கழை" என்று மூன்று வார்த்தைகள். நேரில் கேட்டாலே சிலருக்குக் குழப்பம். ரேடியோவில் கேட்க வேண்டுமா?

ஆகவே, கடைக்குப் போனால் பாட்டை வைத்துச் சோதிக்காதீர்கள். செல்போனில் ஒரு செய்தி வாசிப்பை வையுங்கள். சத்தத்தைக் குறையுங்கள். இன்னும் குறையுங்கள். தலைக்கு மேல் மின்விசிறி ஓடட்டும். அப்பொழுதும் ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தால், அந்த இயர்போனை வாங்கலாம். "தடபுட" என்று மேளம் மட்டும் கேட்டு, வார்த்தை மங்கினால், எத்தனை ஆயிரம் ஆனாலும் வேண்டாம்.

பல ஆயிரம் ரூபாயை ஒரே ஜோடியில் கொட்டுவதைவிட, சாதாரண விலையில் இரண்டு ஜோடி வாங்குவது புத்திசாலித்தனம். ஒன்று காதில், ஒன்று பையில். மலை உச்சியில் கம்பி அறுந்தால், பக்கத்துக் கடைக்கு ஓட முடியாது அல்லவா?

போனால் வராது!

இதுவரை சொன்னது ரேடியோவுக்காக. இனிச் சொல்வது எல்லோருக்கும். பிள்ளைகள் இரவு பகலாகக் காதில் இயர்போனோடு திரிகிறார்களே, அந்தப் பெற்றோர்களுக்கும்தான்.

காதின் உள்ளே நத்தை வடிவில் ஓர் உறுப்பு இருக்கிறது. பிறக்கும் போது அதில் சுமார் 16,000 நுண்ணிய மயிர் அணுக்கள் இருக்கின்றன. ஒலியை மூளைக்கு அனுப்புவது அவைதான். பெரும் சத்தத்தில் அவை சாகின்றன. தலைமுடி உதிர்ந்தால் முளைக்கும். இவை முளைப்பது இல்லை. போனால் போனதுதான்!

உலக சுகாதார நிறுவனம் ஒரு கணக்குச் சொல்கிறது. பெரியவர்கள் 80 டெசிபல் சத்தத்தை வாரம் 40 மணி நேரம் கேட்கலாம். சத்தம் 3 டெசிபல் கூடினால், நேரத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும். 90 டெசிபல் ஆனால், வாரம் முழுவதற்கும் 4 மணி நேரம்தான்! பிள்ளைகளுக்கு 75 டெசிபலே எல்லை. 12 வயதில் இருந்து 35 வயது வரை உள்ளவர்களில் உலகம் முழுவதும் 100 கோடிக்கு மேற்பட்டவர்களின் காதுக்கு ஆபத்து இருக்கிறது என்றும் அந்த நிறுவனம் எச்சரித்திருக்கிறது.

இங்கேதான் நன்றாகப் பொருந்தும் இயர்போனின் அருமை தெரியும். காது சரியாக அடைபடாவிட்டால், வெளி இரைச்சல் உள்ளே வரும். அதை வெல்ல சத்தத்தைக் கூட்டுவோம். நன்றாக அடைபட்டால், சத்தத்தைக் குறைத்தே கேட்கலாம். நல்ல மூடி, காதுக்குக் காவல்காரன்!

ரேடியோவில் இன்னொரு ஆபத்தும் உண்டு. மெல்லிய குரலைத் தேடி சத்தத்தை ஏற்றி வைத்திருப்பார்கள். திடீரென்று பக்கத்து நிலையம் ஒன்று முழங்கும். அல்லது மின்னல் வெடிப்பு "படார்" என்று கேட்கும். காதுக்குள் செருகியிருக்கும் இயர்போனில் அது நேரே செவிப்பறையில் விழுகிறது. ஆகையால், முதலில் சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டு, ரேடியோவைப் போட்ட பிறகுதான் இயர்போனைக் காதில் செருக வேண்டும். பிறகு மெல்ல மெல்ல ஏற்ற வேண்டும். திடீர்ச் சத்தத்தைத் தானாக அடக்கும் வசதி ரேடியோவில் இருந்தால், அதை நிறுத்தி வைக்கக் கூடாது.

இடி கேட்காத காது

இன்னும் ஒன்று பாக்கி. இதுதான் எல்லாவற்றிலும் பெரியது.

காதை நன்றாக அடைக்கும் இயர்போன் நல்லது என்றோம். ஆனால், அது காற்றை மட்டுமா அடைக்கிறது? தூரத்து இடியையும் அடைக்கிறது. பக்கத்தில் வரும் மிருகத்தின் காலடியையும் அடைக்கிறது. "இறங்கி வா!" என்று கூப்பிடும் நண்பரின் குரலையும் அடைக்கிறது.

திறந்த மலை உச்சியில், கம்பை நட்டு, கம்பியைக் கட்டி உட்கார்ந்திருப்பவருக்கு இடியைவிடப் பெரிய எதிரி இல்லை. இடிச் சத்தம் கேட்டாலே, ஏரியலைக் கழற்றிவிட்டு இறங்கிவிட வேண்டும். கேட்காவிட்டால்?

ரேடியோவில் "கடகட" என்ற வெடிப்பு அடிக்கடி வந்தால், அதுவும் மின்னலின் தூதுதான். அது தூரத்து மின்னலாகவும் இருக்கலாம். அருகில் உள்ளதாகவும் இருக்கலாம். உடனே இயர்போனைக் கழற்றிவிட்டு வானத்தைப் பார்க்க வேண்டும். தனியாகப் போகிறவர் ஒரு காதைத் திறந்து வைத்துக்கொள்வதே நல்லது. இரண்டு பேராகப் போனால், ஒருவர் கேட்கட்டும். மற்றவர் காவல் இருக்கட்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் இயர்போன் பைக்குள் இருக்க வேண்டும்.

சுத்தமும் முக்கியம். வியர்வையும் அழுக்கும் சேர்ந்த மூடியைத் துடைக்காமல் செருகினால் காதில் புண் வரும். ஒருவர் இயர்போனை இன்னொருவர் போடக் கூடாது. அண்ணன் தம்பி ஆனாலும் சரி! காதில் வலியோ சீழோ இருந்தால், இயர்போனை எடுத்து வைத்துவிட்டு டாக்டரிடம் போக வேண்டும்.

எது நல்ல இயர்போன்?

பேச்சைத் தெளிவாகக் கொடுப்பது. காதில் நன்றாகப் பொருந்துவது. குறைந்த மின்சாரத்தில் கேட்பது. கம்பியை மாற்ற முடிவது. ரேடியோவின் துளைக்கு ஒத்து வருவது. இந்த ஐந்தும் இருந்தால் போதும். பெயரையும் விலையையும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

அன்று மார்க்கோனியிடம் இருந்தது ஒரே ஒரு காதுக் கருவி. 20,000 ஹெர்ட்ஸும் இல்லை. பேஸும் இல்லை. அவரிடம் பொறுமை இருந்தது. கூர்மையான காது இருந்தது.

இயர்போன் கெட்டால் கடையில் வாங்கலாம். காது எந்தக் கடையிலும் கிடைக்காது. தூரத்துக் குரலைக் கேட்கத்தான் மலைக்குப் போகிறார்கள். திரும்பி வந்ததும், வீட்டில் பேசும் குழந்தையின் குரலும் கேட்க வேண்டும் அல்லவா?